மெஷினில் பூச்சியம், ஸ்டியரிங்கில் நடுக்கம்

தெஹிவளையிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் பாடசாலையையும் விட்டுவிட்டு, மற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கார் 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பு டொயோட்டா அக்குவா. கிழமை நாட்களில் பாடசாலைக்குப் பஸ்ஸில்தான் போகிறார். மாதம் ஒருமுறை அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, தம்பியோடு மாறி மாறி ஓட்டி யாழ்ப்பாணம் போய்வருவார். பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி, வேகம் 85ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்குகிறது. 90க்கும் 95க்கும் இடையில் கை மரத்துப்போகிற அளவுக்கு வருகிறது. 100ஐத் தாண்டினால் குறைந்துவிடுகிறது. அதனால் தம்பி 110இல் ஓடித் "தப்பிக்கிறார்". பிரேக் பிடித்தால் நடுக்கம் கூடுவதில்லை. கட்டுநாயக்க தாண்டி, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று சாதாரண வீதியில் போகும்போது ஒன்றுமே இல்லை. அம்மா வழி முழுக்க நல்ல நித்திரை.

கராஜில் இரண்டு தடவை அலைன்மென்ட், மூன்று தடவை பாலன்ஸ் (சில்லின் பாரம் சுற்றிவரச் சமமா என்று மெஷினில் சுழற்றிப் பார்த்து ஈயம் ஒட்டுவது) செய்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் மெஷினில் பூச்சியம் காட்டியதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். ஒரு தடவை சில்லைக் கழற்றிப் பூட்டியபின் நடுக்கம் பாதியாகக் குறைந்தது, அடுத்த தடவை முன்பைவிடக் கூடிவிட்டது. ஆறு கிழமைக்கு முன் முன்பக்க ஷொக் எப்சோபர் இரண்டையும் மாற்றினார்கள், பலனில்லை. இப்போது ஸ்டியரிங் ரெக் (ஸ்டியரிங்கின் திருப்பலை முன்சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பல்தண்டு) போய்விட்டது, பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ரெக் ஒன்று எடுத்துப் போடவேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். கணவரின் அண்ணாவோ, ஹைப்ரிட் பேட்டரி சாகப்போகிறது, அதற்குமுன் காரை விற்றுவிடு என்கிறார். ரெக்கை மாற்றுவதா, காரை விற்பதா, இதுவரை கொட்டிய காசைக் கேட்கலாமா என்பதுதான் டீச்சரின் கேள்வி. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "ஐந்து மாதத்துக்கு முன்தான் அலோய் ரிம்மும் நாலு புது டயரும் போட்டேன், ஆகவே சில்லில் பிழை இருக்காது." அந்தச் சில்லின் படமும் ஒன்று இணைத்திருக்கிறார்.

டீச்சர், முதலில் அவசரக் கேள்விக்குப் பதில். ரெக்கை இப்போது மாற்ற வேண்டாம். காரை விற்கவும் வேண்டாம். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம்வரை வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில், நன்றாக ஓடுகிற ஒரு அக்குவாவை ஒரு நடுக்கத்துக்காகக் கைவிட்டால், அதே காசுக்கு அதைவிட நல்ல கார் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நீங்கள் முக்கியம் என்று எழுதியவற்றை விட, சும்மா எழுதிய மூன்று விஷயங்கள்தான் எனக்கு உதவின: அம்மாவின் நித்திரை, கழற்றிப் பூட்டும்போதெல்லாம் நடுக்கம் மாறுவது, அந்தக் கடைசி வரி.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது

வேகத்தோடு வந்து வேகத்தோடு போகிற நடுக்கம் சுழல்கிற ஒரு பொருளிலிருந்துதான் பிறக்கும். உங்கள் காரில் வீதி வேகத்தோடு சுழல்பவை சில்லு, டயர், பிரேக் டிஸ்க், சில்லைப் பூட்டுகிற ஹப், சில்லைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் போன்றவைதான். ஷொக் எப்சோபர் சுழல்வதில்லை. ரெக்கும் சுழல்வதில்லை. தேய்ந்த ரெக்கும் களைத்த ஷொக்கும் ஏற்கெனவே இருக்கிற நடுக்கத்தைப் பெருக்கிக் கைக்குக் கொண்டுவரும், தாமாக ஒன்றைப் பிறப்பிக்க மாட்டா. உங்கள் பாஸ் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நடுக்கத்தைப் பெருக்குகிற சாமான்களில் தொடங்கிவிட்டார்.

நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிகிறது, பின்சீட்டில் அம்மா நித்திரை கொள்கிறார். ஆகவே அது பெரும்பாலும் முன்சில்லுகளில் இருக்கிறது. பின்சில்லு என்றால் ஸ்டியரிங் அமைதியாக இருக்க, சீட்டும் தரையும் துடிக்கும், அம்மாதான் முதலில் முறையிட்டிருப்பார். பிரேக் பிடிக்கும்போது கூடவில்லை, ஆகவே டிஸ்க் நெளிந்திருப்பதற்கான வாய்ப்புக் குறைவு. எக்ஸலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நிற்குமானால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டைச் சந்தேகிக்கலாம். நீங்கள் அப்படி எழுதவில்லை, ஆனாலும் அடுத்த தடவை 90இல் ஒருமுறை காலை எடுத்துப் பாருங்கள்.

பேட்டரி விஷயத்தில் அண்ணாவைச் சமாதானப்படுத்திவிடுங்கள். ஹைப்ரிட் பேட்டரி சுழல்கிற சாமான் இல்லை. அது களைத்தால் பெற்றோல் செலவு கூடும், மீற்றர் போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். 85இல் தொடங்கி 100இல் நிற்கிற நடுக்கத்தைத் தர அதனால் முடியாது.

அலைன்மென்ட்டும் அப்படித்தான். கொழும்பில் யாரைக் கேட்டாலும் "ஸ்டியரிங் ஆடுதா? அலைன்மென்ட் பார்" என்பார்கள். அலைன்மென்ட் என்பது சில்லுகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்ற கணக்கு. அது பிழைத்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், நேரே போகும்போது ஸ்டியரிங் சாய்ந்து நிற்கும், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். நடுக்கத்துக்கு அது மருந்தில்லை. இரண்டாவது தடவை செய்த அலைன்மென்ட் வீண் செலவு என்று நினைக்கிறேன்.

கணக்கு டீச்சருக்கு ஒரு சின்னக் கணக்கு

175/65 ஆர் 15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.91 மீற்றர். 90 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 25 மீற்றர். அப்படியானால் சில்லு செக்கனுக்கு 13 தடவை சுழல்கிறது. இப்போது அந்தச் சில்லு தன் அச்சின் நடுவில் உட்காராமல் அரை மில்லிமீற்றர் விலகி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். டயரோடு சேர்த்து ஒரு சில்லு சுமார் 15 கிலோ. 15 கிலோ அரை மில்லிமீற்றர் விலகுவதும், ரிம்மின் ஓரத்தில் 40 கிராம் ஈயம் தவறாக ஒட்டியிருப்பதும் ஒன்றுதான். 90இல் அது செக்கனுக்கு 13 தடவை, ஐந்து கிலோ கையால் இழுத்து விடுவதுபோல் ஹப்பை ஆட்டும். விசை வேகத்தின் வர்க்கத்தோடு போகிறபடியால் 45இல் அது ஒன்றேகால் கிலோதான். கொழும்பு-காலி வீதி நெரிசலில் உங்களுக்கோ பாஸுக்கோ அது தெரியவே தெரியாது.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கராஜ்காரர் டெஸ்ட் டிரைவ் போனது எங்கே? தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தைவரை போய்த் திரும்பியிருப்பார். அந்த வீதியில் 85 போக முடியுமா? யாழ்ப்பாணப் பாதையிலும் அதிவேகப் பாதையை விட்டு இறங்கினால் காருக்கு உச்ச வேகம் 70தான். அந்த நடுக்கத்தை அவர் ஒருநாளும் தன் கையால் உணர்ந்ததில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டு, ஊகித்து, சாமான் மாற்றியிருக்கிறார். அடுத்த தடவை அவரைப் பக்கத்துச் சீட்டில் ஏற்றிக்கொண்டு பேலியகொடையில் ஏறி ஜா-எலவில் இறங்கித் திரும்புங்கள். ரெக்கின் விலையோடு பார்த்தால் அந்தப் பாதைக் கட்டணம் டீக்காசு.

100ஐத் தாண்டினால் நடுக்கம் நிற்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தான் அது உயரும், நேரம் தவறித் தள்ளினால் உயராது. உங்கள் காரின் முன் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங்குக்கும் இயல்பான ஆட்டம் ஒன்று இருக்கிறது, செக்கனுக்குப் பத்துப் பதினைந்து தடவை என்ற அளவில். 90 சொச்சத்தில் சில்லின் சுழற்சி அதோடு ஒத்துப்போகிறது, அதைத் தாண்டினால் ஒத்துப்போவதில்லை. கைக்குத் தெரியாமல் போகிறதே தவிர, விசை குறையவில்லை. 110இல் அது இன்னும் கூடுகிறது, அதை வாங்கிக்கொள்வது ஹப் பெயாரிங். அதிவேகப் பாதையின் எல்லையே 100 என்பதைத் தம்பிக்குச் சொல்ல வேண்டியது நீங்கள், நான் இல்லை.

எட்டுத் துளை

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். அக்குவாவின் ஹப்பில் போல்ட் நான்கு. உங்கள் அலோய் ரிம்மின் நடுவில் எட்டுத் துளை தெரிகிறது. நான்கில் நட்டு இருக்கிறது, நான்கு சும்மா இருக்கின்றன. பல வகைக் கார்களுக்கும் விற்கலாம் என்று இரண்டு அளவில் துளையிட்ட ரிம் அது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, உலகம் முழுக்க அப்படித்தான் விற்கிறார்கள். ஆனால் எந்தக் காருக்கும் பொருந்தவேண்டும் என்றால் நடு ஓட்டையையும் பெரிதாகத்தான் குடைந்திருப்பார்கள், 67.1 அல்லது 73.1 மில்லிமீற்றர் என்று. உங்கள் காரின் ஹப் 54.1 மில்லிமீற்றர். ரிம் 73.1 என்றால் சுற்றிவர ஒன்பதரை மில்லிமீற்றர் இடைவெளி. ஒரு பென்சில் தாராளமாக நுழையும்.

ஒரிஜினல் ரிம்மில் இந்த இடைவெளி இல்லை. ரிம்மின் ஓட்டை ஹப்பின் மேல் இறுக்கமாக உட்கார்ந்து, அதுவே சில்லை நடுவில் நிறுத்தும். இடைவெளி இருந்தால் நட்டுகள்தான் நடுவைத் தேடிக் கொடுக்கவேண்டும். கவனமாகப் பூட்டினால் கொடுக்கும். காரை ஜேக்கிலிருந்து இறக்கி, காரின் பாரம் சில்லின் மேல் இருக்கும்போதே எயார் கன்னால் ஒரு நட்டை முதலில் டர்ரென்று இறுக்கினால், சில்லு ஒரு மயிரிழை விலகியபடியே இறுகிவிடும். மற்ற மூன்று நட்டும் அந்தப் பிழையைத்தான் பூட்டிவைக்கும். அடுத்த தடவை கழற்றிப் பூட்டும்போது விலகும் திசையும் அளவும் மாறும். ஒருமுறை குறைந்து ஒருமுறை கூடியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பூச்சியம். மெஷின் பொய் சொல்லவில்லை. பாலன்ஸ் மெஷினில் சில்லை நடு ஓட்டை வழியாக ஒரு கூம்பை வைத்துப் பிடிக்கிறார்கள். கூம்பு எந்த அளவு ஓட்டையையும் நடுவில் பிடித்துவிடும். ஆகவே மெஷினில் சில்லு சரியான நடுவில் சுழன்று பூச்சியம் காட்டுகிறது. காரில் அந்தக் கூம்பு இல்லை. மெஷினில் ஒரு நடு, காரில் வேறொரு நடு. மூன்று தடவை என்ன, முப்பது தடவை பாலன்ஸ் செய்தாலும் அந்தப் பூச்சியம் மெஷினுக்குத்தான் பூச்சியம்.

இதற்கு மருந்து ஹப் ரிங் என்கிற வளையம். வெளிவிட்டம் ரிம்மின் ஓட்டைக்கு, உள்விட்டம் 54.1க்கு. அலுமினியத்திலும் கட்டிப் பிளாஸ்டிக்கிலும் வருகிறது. ரிம் விற்கிற கடைகளில் கேளுங்கள், இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தைப் பக்கம் போங்கள். அளவு கிடைக்காவிட்டால் ஒரு லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். கண் மட்டத்தில் சொல்லாமல் வேர்னியர் அளவுகோலால் அளந்தே வாங்குங்கள். ஒரு மில்லிமீற்றர் பெரிது என்றால் வாங்காததற்குச் சமம்.

நான் படத்தை வைத்துச் சொல்கிறேன். காரைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. சில்லைக் கழற்றும்போது உள்ளே ஏற்கெனவே வளையம் இருந்தால் என் ஊகம் பிழை, கீழே சொல்வதில் இரண்டாவது படிக்குப் போங்கள்.

என்ன ஒழுங்கில் பார்க்க வேண்டும்

முதலாவது, முன்சில்லு இரண்டையும் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். என் பட்டறையில் ஒரு வேனை இரண்டு நாள் வைத்துத் தலையைச் சொறிந்திருக்கிறேன். பெயாரிங், ஷாஃப்ட் என்று எல்லாம் பார்த்தபிறகு, வேலைக்கு வந்து மூன்று மாதமான பையன் ஒருவன் ரிம்மின் உள்ளே விரலை விட்டு ஒரு கட்டி காய்ந்த செம்மண்ணை உடைத்தெடுத்தான். மழை நாளில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஒழுங்கையில் நிறுத்திய வேன் அது. நீங்களும் மாதாமாதம் அந்தப் பக்கம் போகிறீர்கள். ஹப் முகத்தில் கறள் பிடித்திருந்தால் கம்பித் தூரிகையால் துடைத்து, சில்லு தட்டையாக உட்காரும்படி செய்யச் சொல்லுங்கள். பாலன்ஸுக்கு ஒட்டிய ஈயத் துண்டு உரிந்து விழுந்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீர் அடிக்கும்போது அது அடிக்கடி பறந்துபோகும்.

பிறகு வளையத்தைப் போட்டுப் பூட்டுங்கள். நட்டு எந்த வகை என்பதும் முக்கியம். வெளியில் வாங்கும் அலோய்க்குப் பொதுவாகக் கூம்பு முனை நட்டு. டொயோட்டாவின் சில ஒரிஜினல் அலோய்களுக்குத் தட்டை வாஷர் நட்டு, ஹொண்டாவுக்கு உருண்டை முனை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் நட்டு துளையில் சரியாக உட்காராது. இது நடுக்கத்தோடு நிற்காது, ஓடும்போது நட்டு கழன்று சில்லே போகலாம். உங்கள் கடிதத்தில் உயிருக்கு ஆபத்தான விஷயம் என்று நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். ஆகவே இதை யாழ்ப்பாணம் வெளிக்கிடும் முன் பாருங்கள். சில்லு நிலத்தில் படாமல் தொங்கும்போதே நாலு நட்டையும் கையால், எதிரெதிராக, முடிந்தவரை இறுக்கவேண்டும். பிறகு இறக்கி, இறுக்கும் அளவைக் காட்டுகிற டோர்க் ரென்ச்சால் 103 நியூட்டன் மீற்றர். எயார் கன் வேண்டாம் என்று கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். 50, 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, அப்படியும் நடுக்கம் இருந்தால் டயரைப் பாருங்கள். புது டயர் என்றபடியால் பிழையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புது டயரும் வட்டமில்லாமல் வரும். முன்சில்லை ஜேக்கில் தூக்கி, டயருக்குப் பக்கத்தில் ஒரு பேனையை அசையாமல் பிடித்துக் கையால் சுழற்றினால், பேனைக்கும் டயருக்கும் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். பக்கச் சுவரில் புடைப்பு இருந்தால் அந்த டயரை அன்றே கழற்றவேண்டும், அது எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1822 என்றால் 2022ஆம் ஆண்டின் 18ஆவது கிழமையில் செய்தது. "புதிது" என்று வாங்கியது கடையில் எத்தனை வருடம் கிடந்தது என்று அது சொல்லும்.

இங்கே இன்னொன்று. உங்கள் கார் மாதத்தில் பெரும்பாலான நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அப்படி நின்றால் டயரின் அடி தட்டையாகி, முதல் பத்து இருபது கிலோமீற்றருக்கு ஒரு துடிப்பு வரும், டயர் சூடானதும் போய்விடும். 2022இல் பெற்றோல் இல்லாமல் கிழமைக்கணக்கில் நின்ற கார்களில் இதை நிறையப் பார்த்தேன். பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்க ஏறக்குறைய 26 கிலோமீற்றர்தான். ஆகவே போகும்போது மட்டும் நடுங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி அதே பாதையில் வரும்போது நடுங்காவிட்டால் எழுதுங்கள், கதை மாறும். இரண்டு தடவையும் நடுங்கினால் இதை மறந்துவிடலாம்.

மூன்றாவது, ரிம்மா டயரா என்று பிரித்தறிய உங்களிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. பழைய இரும்பு ரிம் நாலும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன என்றும், பழைய டயர்களில் வெடிப்பு விழுந்திருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழைய டயரோடு 90 ஓடிப் பார்க்கவே கூடாது. இப்போது முன்னால் இருக்கும் புது டயர் இரண்டை மட்டும் பழைய இரும்பு ரிம்மில் ஏற்றி, பாலன்ஸ் செய்து ஓடிப் பாருங்கள். இரும்பு ரிம் 54.1இல் கச்சிதமாக உட்காரும். நடுக்கம் போனால் அலோய், போகாவிட்டால் டயர் அல்லது காருக்குள் ஏதோ. வளையம் தேடி அலைவதற்குமுன் இதைச் செய்தாலும் சரிதான். ஆனால் டயரை ஏற்றி இறக்கும் கூலி இரண்டு தடவை போகும். அலோயின் அழகு உங்களுக்குப் பெரிதில்லை என்றால் இரும்பு ரிம்மிலேயே விட்டுவிடுங்கள் என்பேன். மகன்தான் ஆசைப்பட்டுப் போடச் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் நான் வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் நடுங்கினால்தான் ஹப் பெயாரிங், டிரைவ் ஷாஃப்ட், கடைசியில் ரெக். ரெக்கைப் பார்க்கக் காசு தேவையில்லை. முன்சில்லைத் தூக்கிவைத்து, கடிகாரத்தில் 3க்கும் 9க்கும் கையை வைத்து ஆட்டுங்கள். கடகடவென்றால் டை ரொட் முனை அல்லது ரெக். 12க்கும் 6க்கும் வைத்து ஆட்டும்போது கடகடவென்றால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ட். இரண்டிலும் அசைவில்லாமல் "ரெக் போய்விட்டது" என்று யாராவது சொன்னால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அன்பாகக் கேளுங்கள்.

காசைத் திரும்பக் கேட்கலாமா

நான் சட்டத்தரணி இல்லை, பட்டறைக்காரன். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருவதால் தெரிந்ததைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்கலாம். பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்கவேண்டும். தொலைபேசி எண் 1977. ரிம் வாங்கி ஐந்து மாதம் ஆகிவிட்டது, அந்தக் காலம் கடந்துவிட்டது. ஷொக் மாற்றி ஆறு கிழமைதான், அதற்குக் காலம் இருக்கிறது.

இருக்கிறது என்பதற்காகப் போகச் சொல்ல மாட்டேன். 2014ஆம் ஆண்டுக் காரின் ஷொக் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம், அப்படியென்றால் மாற்றியது தேவையான வேலைதான், நடுக்கத்துக்கு மருந்தில்லை என்பது மட்டுமே குறை. கழற்றிய பழைய ஷொக்கைக் கேட்டுப் பாருங்கள். எண்ணெய் கசிந்து நனைந்திருந்தால் பாஸ் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. காய்ந்து, தண்டை அழுத்தும்போது ஒரே சீராகத் தடுத்து நின்றால், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்போதும் பில் கையில் இல்லாவிட்டால் கஷ்டம். கடிதத்தில் பில்லைப் பற்றி ஒரு வார்த்தையும் காணவில்லை.

ரிம் கடைக்கு வேறு மாதிரிப் போங்கள். "அக்குவாவுக்குச் சரியாகப் பொருந்தும்" என்று சொல்லித்தானே விற்றார்கள்? வேர்னியரோடு போய், 54.1 எங்கே, உங்கள் ரிம் எங்கே என்று காட்டி, நாலு வளையம் கேளுங்கள். முழுக் காசையும் திரும்பக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். வளையம் கேட்டால், தொழில் தெரிந்த கடைக்காரர் என்றால் பேசாமல் எடுத்துத் தருவார். பின்சில்லுக்கும் சேர்த்து நாலு என்று சொல்லுங்கள், முன்னுக்கு மட்டும் இரண்டு தந்து அனுப்பப் பார்ப்பார்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். 80, 85, 90, 95, 100 என்று ஒவ்வொரு வேகத்திலும் அரை நிமிடம் ஒரே சீராக ஓடட்டும், ஸ்டியரிங்கில் என்ன, தரையில் என்ன என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அம்மாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் அமைதியாகி, அவர் நித்திரை குழம்பி எழுந்தாரென்றால் பின்சில்லின் வளையம் சரியாக உட்காரவில்லை. அதை எனக்கு எழுதுங்கள்.